அண்டாவுக்குப் பூசிய வெள்ளீயம்

பழைய உலோகம் வாங்கி விற்கிறவன் கையில் தராசு இருக்கும். ஆனால் கட்டிக்குள் என்ன இருக்கிறதென்று தராசு சொல்லாது. இதே தொழிலில் அடிபட்ட சகோதரர்களே, நான் பட்டதையும் கேளுங்கள்.

கனத்தைக் கண்டு சிரித்தது

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கடை போட்ட புதிதில், கிள்ளான்காரர் ஒருவர் வெள்ளீயக் கட்டி கொண்டுவந்தார். சமையல் பாத்திரத்துக்கு உள்ளே பூசுகிற சரக்கு. தூக்கினால் அசாத்தியக் கனம். எடைக்கு விலை வேண்டாம், கட்டிக்கு விலை சொல்லும் என்று சாமர்த்தியமாகப் பேசி வாங்கினேன். மறுநாள் பூச்சுக்காரர் சுரண்டிப் பார்த்துவிட்டுக் காரீயம் என்றார். வயிற்றுக்குள் போனால் விஷம். ரயிலேறிப் போய் விற்றவரின் சட்டையைப் பிடித்தேன். அவர் அசையவில்லை.

"அண்ணே, கனமா இருக்குன்னு சிரிச்சது நீங்கதானே?"

கோயில் அண்டா

அதிலிருந்து எந்தக் கட்டியையும் காதோரம் வளைத்துப் பார்த்துத்தான் வாங்குவேன். வெள்ளீயம் கிறீச்சிடும்; காரீயம் ஊமை. அப்படி வாங்கியதைத்தான் கோயில் அண்டாவுக்குக் கொடுத்தேன். அன்னதானம் சாப்பிட்ட சிலருக்கு வயிற்றுவலி வந்தது. காரீயம் கலந்து விற்றான் என்று பேச்சு கிளம்பி, கடைப்பக்கம் ஈ காக்கை இல்லை. கோயில் கூட்டத்தில் போய்த் தொண்டை கிழியக் கத்தினேன். செயலாளர் ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தார்.

"அண்டாவுல சுரண்டினது இது. சோதிச்சு எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி கடையை மூடிடுங்க லா."

ஆய்வுக்கூடத்தில் பேரம்

கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் யாழ்ப்பாணத்து ரசாயனக்காரர் ஒருவர் இருந்தார். பொட்டலத்தை வைத்த கையோடு, "வெள்ளீயம்னு எழுதுங்க, வேண்டியதைச் செய்யறேன்" என்றேன். வாய்ப் பழக்கம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் என்ன சந்தையில மீன் விக்கிறனோ? அதில இருங்கோ."

காந்தம் பிடிக்கிற தராசு

பொட்டலத்துத் தூள் அமிலத்தில் கரையும்வரை எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. அதைப் பார்த்தோ என்னவோ, சீமையில் உள்ள ஒரு கருவியைப் பற்றிச் சொன்னார். பொருளை ஆவியாக்கி, அதன் அணுக்களுக்கு மின்சாரம் ஏற்றி, காற்றே இல்லாத குழாயில் விரட்டுவார்களாம். வழியில் காந்தம் இழுக்கும். இலேசான அணு அதிகம் வளையும். கனமானது கொஞ்சமாக வளையும். ஒவ்வொரு கனமும் புகைப்படத் தகட்டில் தனித்தனி இடத்தில் கோடு போடும். கோட்டைப் பார்த்து எடை சொல்லலாம். காரீயம் ரொம்பக் கனம், தப்பவே முடியாது. "சுத்தமான வெள்ளீயம்கூடப் பல கோடு போடும்" என்றார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "அப்ப நானும் கலப்படக்காரனா?"

"ஏன் கொதிக்கிறியள்? எல்லாம் வெள்ளீயம்தான். அணுவின்ர நிறைதான் வேறை வேறை."

ஒரு துளி

தூள் கரைந்து தெளிந்த நீரில் ஒரு துளி மருந்து விட்டார். காரீயம் இருந்தால் மஞ்சளாகும். குனிந்து பார்த்தேன். ஆகவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுந்து நின்று கும்பிட்டேன். நான் யாரையும் அப்படிக் கும்பிட்டதில்லை. புளித்த தயிர்தான் காரணம் என்று பிறகு சமையல்காரரே ஒப்புக்கொண்டார். செயலாளர் சான்றிதழைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார்.

"அடுத்த அண்டாவுக்கும் உங்க ஈயம்தான் அண்ணே. கத்தாமக் கொடுங்க, போதும்."

அணுவைக்கூடத் தனித்தனியாக நிறுக்கிற அந்தக் கருவி நன்றாக இருக்கட்டும், எனக்கு எதிர்க்கடையாக மட்டும் வராமல் இருக்கட்டும்.