கதண்டு கொட்டிய உடம்பு

நெடுங்காட்டு வயலில் பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தபோது, வரப்போரப் பனையிலிருந்து காய்ந்த மட்டை ஒன்று விழுந்தது. மட்டையோடு கதண்டுக் குளவிக் கூடும் உடைந்து விழுந்தது. காற்று முழுக்க ரீங்காரம். எல்லோரும் சிதறி ஓடினார்கள். காசியம்மா மட்டும் கால் மடங்கிச் சேற்றில் விழுந்து கத்தினாள். ஓடிக்கொண்டிருந்த சந்திரலேகா திரும்பி வந்தாள். கையில் கிடைத்த ஈரச் சாக்கை அவள்மேல் போர்த்தி, தானும் அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். கொட்டெல்லாம் சந்திரலேகாவின் முதுகில்.

மறுநாள் அவளுக்குச் சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனது. பிறகு போகவே இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பகலும் இரவும் ஒன்றில் ஒன்று கரைந்தன. டயாலிசிஸ் இயந்திரம் மெல்ல ஓட, குழாயில் போய்வரும் தன் ரத்தத்தை யாருடையதோ போலப் பார்த்துக் கிடந்தாள். கண் மூடினால் வெள்ளி நிறத்தில் ஒரு வயல். வரப்பெங்கும் நண்டு வளைகள். ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கும். தண்ணீர் சத்தமில்லாமல் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஏனோ பயமே வரவில்லை.

"எனக்குள்ள என்னதாங்க ஆச்சு?" என்று டாக்டர் ஜெனிட்டாவிடம் கேட்டாள்.

"ஒடம்புல ஒவ்வொரு செல்லையும் சுத்தி மெல்லிசா ஒரு கொழுப்புத் தோல் இருக்கும்மா. கதண்டு விஷத்துல உள்ள குட்டிப் புரதத் துண்டுங்க அதுல சொருகி ஓட்டை போட்டுடும். உள்ள இருக்கறது கசியும், வெளித்தண்ணி உள்ள ஏறும், செல்லு வீங்கி வெடிச்சுச் செத்துடும். அப்படி ரத்தத்துலயும் சதையிலயும் ஒடைஞ்சதெல்லாம் போயி கிட்னிய அடைச்சிருக்கு."

"செத்தது திரும்புமா?"

"கிட்னியில புதுசா முளைக்கும். காத்திருக்கணும்."

பார்க்க வந்த காசியம்மா அழுதாள். "எனக்கு வர வேண்டிய விஷம்டி அது."

"அதுக்கு ஆள் தெரியுமாக்கா?" என்றாள் சந்திரலேகா. சொல்லும்போதே தூக்கம் இழுத்தது.

வாரங்கள் போயின. ஒரு காலையில் கணவர் சிவராமன் கட்டிலோரம் தொங்கிய, சிறுநீர் சேரும் பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "மஞ்சளா வந்திருக்கு, பாரு!" அவர் சிரித்தார்.

வீடு திரும்பிய பின் காசியம்மாதான் அவளைக் குளிப்பாட்டினாள். முதுகில் தோல் செத்த இடங்கள் கருவட்டங்களாக ஆறியிருந்தன. காசியம்மாவின் விரல் அவற்றைச் சுற்றிச் சுற்றிப் போனது.

"வலிக்குதா?"

"அந்த எடத்துல ஒண்ணும் தெரியலக்கா. இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துங்க."