நகலில் சுருங்கிய மனை

வீட்டுப் பிளான் வரைகிற அந்த அம்மாளுக்குத் தெருவில் ‘மில்லிமீட்டர்’ என்று பட்டப்பெயர். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை, ஒரு சாய்வு மேசை, இருபத்திரண்டு வருஷ வேலை. அவள் வரைந்த தாளில் பொறியாளர் கையெழுத்துப் போடுவார். அவள் பெயர் எங்கும் இருக்காது. அதற்காக அவள் மூக்கைச் சிந்தியதில்லை. ஆனால் அவள் போட்ட கோட்டைத் தப்பு என்று சொன்னால் மட்டும் பொறுக்கமாட்டாள்.

ஒரு காலையில் சலவைக்கடைக்காரர் படியேறி வந்தார். கை நிறையச் செங்கல் தூசி. போன வருஷம் அவருக்கு வீட்டுப் பிளான் வரைந்து கொடுத்தவள் இவள்தான். நகராட்சிக் கடிதம் ஒன்றை மேசையில் வைத்தார்.

மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டு மீட்டர் விடவேண்டும். பிளானில் இரண்டு என்று பொய்யாக எழுதிவிட்டு ஒன்றரை மீட்டர்கூட விடவில்லை. சமையலறைச் சுவரை உடனே இடிக்கவும். இதுதான் விஷயம்.

“நேத்தே நாலு வரிசைக் கல்லை எடுத்துட்டேன் அக்கா. அவங்க ஆள் வந்தா மொத்தமா சாச்சுருவாங்கன்னு பயம்” என்றார்.

“என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

‘பொய்யாக’ என்ற சொல்லிலேயே அவள் கண் நின்றது. நேராக அவர் வீட்டுக்குப் போய் டேப்பைப் பிடித்தாள். இரண்டு மீட்டர், மேலே மூன்று சென்டிமீட்டர். சுவரின் தலைப்பக்கம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு நகராட்சிக்குக் கிளம்பினாள்.

நகராட்சி அலுவலகத்தில் ஆய்வாளர் கோப்பைத் திறந்து, தாளின் மேல் ஸ்கேலை வைத்துக் காட்டினார். “இங்க பாருங்க. மூலைல நீங்களே எழுதியிருக்கீங்க, ஒன்றுக்கு நூறு. தாள்ல ஒரு சென்டிமீட்டர்னா தரையில ஒரு மீட்டர். இந்த இடம் ஒண்ணு புள்ளி நாலு. ரெண்டுன்னு எண்ணை யார் வேணா எழுதிக்கலாம். ஸ்கேல் பொய் சொல்லாதுல்ல?”

அவளுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. அவள் கொடுத்த தாள் பரப்பில் இதைப்போல இரண்டு மடங்கு. கோப்பில் மடியாமல் அடங்கவேண்டும் என்று யாரோ சுருக்கி நகல் எடுத்திருக்கிறார்கள்.

“சார், அதே ஸ்கேலால மனையோட அகலத்தை அளங்க.”

“ஏழு.”

“உங்க கோப்புல இருக்கிற மனைப் பத்திரத்துல பத்து மீட்டர். மூணு மீட்டரை யார் தூக்கிட்டுப் போனா? நீளம் பதினஞ்சு, அதையும் அளங்க.”

அவர் அளந்தார். பத்தரை.

“நூத்தம்பது சதுர மீட்டர் மனை எழுபத்துமூணு சொச்சமாயிடுச்சு. பாதி நிலத்தைக் காணோம், உங்களுக்கு சமையலறைச் சுவர்தான் கண்ணை உறுத்துதா? தாளைச் சுருக்கினா பத்து ஏழாகும், ரெண்டு ஒண்ணு புள்ளி நாலாகும். எல்லாக் கோடும் ஒரே விகிதத்துல சுருங்கும். மூலைல எழுதின நூறு மட்டும் சுருங்காம அப்படியே நிக்கும். ஏழாங்கிளாஸ் கணக்கு சார் இது. நேர்ல வந்து ஒரு டேப்பைப் பிடிச்சிருந்தா அதுவும் வேண்டியிருக்காது.”

ஆய்வாளர் ஸ்கேலை மேசை இழுப்பறைக்குள் போட்டார். “சரி, உத்தரவை ரத்து பண்ணிடறேன். இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?”

அரைமணியில் புதுக் கடிதம் வந்தது. சலவைக்கடைக்காரர் அதைக் கும்பிடாத குறையாக வாங்கினார். அவள் பிடுங்கிப் படித்தாள். ‘வரைபடத்தில் இருந்த பிழை காரணமாக முந்தைய உத்தரவு ரத்து செய்யப்படுகிறது.’

“யார் வரைபடத்துல பிழை?”

“அக்கா, வேலை முடிஞ்சுது, வாங்க போலாம்” என்று அவர் கெஞ்சினார்.

“உங்க வேலை முடிஞ்சுது. என்னோடது முடியலை.”

பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஊழியர்கள் சாப்பிட்டுத் திரும்பினார்கள். அவள் அங்கேயே இருந்தாள். நாலு மணிக்கு ‘அலுவலக நகலில் ஏற்பட்ட பிழை’ என்று மாற்றிய கடிதம் கைக்கு வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. எடுத்த கல்லைத் திரும்ப வைக்க ஆள் அனுப்புவதாகவும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் வரைந்த எல்லா பிளானிலும், மூலையில் மீட்டர் மீட்டராகக் கோடிட்ட ஒரு சின்னப் பட்டை இருக்கிறது. தாள் சுருங்கினால் அதுவும் கூடவே சுருங்கும். அதன் பக்கத்தில் அவள் எழுதுகிறாள்: ‘இதை வைத்து அளக்கவும்.’ எழுதும்போதெல்லாம் பேனா கொஞ்சம் அழுத்தித்தான் விழுகிறது.