பரவாயில்லை என்று சொல்லக் கூடாது

பக்கத்து வீட்டு க்ளெனிஸ் டோஸ்டருக்குள் மகள் ஆலிவ் ஊற்றிய ஓட்ஸ் கஞ்சியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயது ஆலிவுக்குச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான பள்ளியில் இடம் வேண்டும். நகராட்சி அதிகாரி பார்ட்ரம் அன்று வருவதாக இருந்தார். போன முறை, "எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று அவர் கேட்டபோது, கஷ்டத்தை வெளியே சொல்லாத எங்கள் ஹாலிஃபாக்ஸ் ஊர் வழக்கப்படி க்ளெனிஸ் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டாள். அவரும் அதையே எழுதிக்கொண்டு, இடம் தேவையில்லை என்று முடித்துவிட்டார்.

"இன்னிக்கு அந்த வார்த்தை வந்துச்சு, கிள்ளிடுவேன்," என்றேன். முப்பது வருடம் நோயாளிகளைப் பராமரித்த விரல்கள் என்னுடையவை.

பார்ட்ரம் வந்து உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டார்.

"பரவா..."

கிள்ளினேன்.

"ஒன்னும் மோசமில்ல..."

இன்னும் பலமாகக் கிள்ளினேன்.

"ஐயோ! நான் ஒழுங்கா தூங்கி நாலு வருஷமாச்சு! அவ ஜன்னல் வழியா ஓடுவா, நான் நைட்டியோட தெருவெல்லாம் துரத்துவேன். அங்க பாருங்க, உங்க காருக்குக் கஞ்சி பூசுறா!"

பார்ட்ரம் எட்டிப் பார்த்தார், பேனாவைத் திறந்தார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்னுதான்..."

"நாளைக்குள்ள எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. இருக்கிற ஒரு இடத்துக்கு ஆலிவ் பேரைப் போடுறேன்."

மறுநாள் காலை க்ளெனிஸ் எழுதிய நான்கு பக்கங்களிலிருந்து பதினோரு "மன்னிக்கவும்"களை அடித்துவிட்டு, அவளோடு நடந்து போய் நகராட்சி அலுவலகத்தில் கொடுத்தேன்.