இருட்டில் நின்று வாசித்த அரை நிமிடம்

ராக் பேண்டில் இரண்டாவது கிட்டார் வாசிப்பது, கல்யாண மேடையில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்பது மாதிரி. எல்லாப் படத்திலும் இருப்போம், பெயர் யாருக்கும் தெரியாது. எங்கள் பேண்டின் பெயரைச் சொன்னால் கிள்ளான் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன் வானொலியில் ஓயாமல் ஓடிய ஒரு பாட்டு. அதன் நடுவில் அரை நிமிடம் ஒரு கிட்டார் சோலோ. வாசித்தவர் ஜெரி அண்ணன். இன்றைக்கும் அந்த அரை நிமிடத்துக்காகத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். நான் மணியம், அவர் பக்கத்தில் நின்று மீதிப் பாட்டு முழுக்கப் பின்னணிக்குக் கார்டு பிடிப்பவன். ஆபீஸிலோ கடையிலோ இன்னொருவர் பெயருக்கு உழைத்துக் கொட்டும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தப்போடு படித்த பாடம்

நான் யாரிடமும் போய்க் கற்றவன் இல்லை. சுங்கை வேயில் ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து வந்து, கேசட்டை நிறுத்தி நிறுத்தி ஓட்டித்தான் அந்த சோலோவைப் பிடித்தேன். நாலாவது வரியில் ஒரு நோட், ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் உறுத்தும். என் காதுதான் மந்தம் என்று நினைத்து, ஒரு மாதம் அதை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துக் கைக்குக் கொண்டுவந்தேன்.

பேண்டில் இடம் கேட்டுப் போன அன்று அதை அப்படியே வாசித்துக் காட்டினேன். ஜெரி அண்ணன் சிரித்துவிட்டார். ரெக்கார்டிங்கில் அவர் விரல் வழுக்கி ஒரு ஃப்ரெட், அதாவது ஒரு கட்டம், தள்ளி விழுந்துவிட்டதாம். மறுபடி எடுக்க ஸ்டூடியோவில் நேரம் இல்லையாம். எனக்கு அன்று பாராட்டாகப் பட்ட வார்த்தை இது: "என் தப்பைக்கூட விடாம எடுத்திருக்கியே, நீதான்டா எனக்குச் சரியான ஆளு."

படம் எடுத்தவர்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைத் திறப்பு விழா. நல்ல வெயில், நடைபாதையில் கூடாரம் போட்டு வாசித்தோம். முடிந்து வெளியே வந்ததும் ஒரு பெண் கைபேசியோடு ஓடிவந்தாள். நானும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜெரி அண்ணன் பக்கத்தில் நின்றேன். அவள் கைபேசியை என்னிடம் நீட்டினாள். ஜெரி அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். "அங்கிள், கொஞ்சம் தள்ளி நின்னு எடுங்க லா, அண்ணன் முகத்துல உங்க நிழல் விழுது."

இரண்டு விரல்

மூன்று வருடத்துக்கு முன் ஜெரி அண்ணனுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், முற்றியது. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் முதலில் காலையில் மட்டும் மடங்காமல் இருந்தன. பிறகு எப்போதுமே மடங்கவில்லை. ஒருநாள் பயிற்சி முடிந்து, தெருமுனை மாமாக் தேநீர்க் கடையில் என்னை உட்காரவைத்து, தேநீர் ஆறிப்போகும்வரை பேசினார். சோலோ வரும்போது அவர் முன்னால் நின்று விரலை ஓட்டுவார். நான் டிரம்ஸுக்குப் பின்னால், விளக்கு வெளிச்சம் விழாத இடத்துக்குப் போய் அதை வாசிக்க வேண்டும். அந்த நேரம் என் கார்டைக் கீபோர்டு பார்த்துக்கொள்ளும். சவுண்ட் பார்க்கும் காசிம் மிக்சரில் அவர் கிட்டாரின் சத்தத்தை மூடி, என்னுடையதைத் திறந்துவிடுவான்.

மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியும், கீழே யாருக்கும் தெரியாது. நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டதற்குக் காரணம் அவர் கொடுத்த வாக்கு. எங்கள் பேண்டின் இருபத்தைந்தாம் வருட ஷோ கிள்ளானில் வரவிருந்தது. "அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்க. அன்னிக்கு மைக்கைப் பிடிச்சு நானே சொல்றேன், வாசிக்கிறது மணியம்தான்னு."

திருத்தம்

பங்சாரில் ஒரு டின்னர் நிகழ்ச்சி. இருட்டில் நிற்கிறோம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு துணிச்சல். நாலாவது வரியில் அந்த வழுக்கிய நோட்டைச் சரியான இடத்தில் வைத்து வாசித்தேன். வரி நேராகப் போய் இறங்கியது. இத்தனை வருடத்தில் முதல் தடவை. காசிம் மிக்சரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு பத்து நிமிடம்.

மேடையை விட்டு இறங்கியதும் கோட்டு போட்ட ஒருவர் நேரே வந்தார். என்னைத் தாண்டி ஜெரி அண்ணனிடம் போனார். அவர் அந்தப் பாட்டோடு வளர்ந்தவராம், ஒவ்வொரு நோட்டும் மனப்பாடமாம். "நாலாவது வரியில கோட்டை விட்டுட்டீங்களே அண்ணே, வயசாயிடுச்சா?"

கிள்ளான்

என் மனைவி ஷோவுக்கு வருவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அன்று வரச் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பாட்டுக்கு முன் ஜெரி அண்ணன் மைக்கைப் பிடித்தார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். தன் கையில் நோய் என்றார். டாக்டர் வாசிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். "ஆனாலும்" என்று அவர் ஆரம்பித்ததுமே மண்டபமே கைதட்டியது. தட்டி ஓயவில்லை. அவர் தலையைக் குனிந்து கும்பிட்டுவிட்டு மைக்கை வைத்துவிட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்லத்தான் வந்தாரோ என்னவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சோலோ வந்தது. திட்டம் எதுவும் போடவில்லை. கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். டிரம்ஸும் பேஸும் கீபோர்டும் போய்க்கொண்டே இருந்தன. முன்னால் ஜெரி அண்ணனின் விரல்கள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. காசிம் பதறிப்போய் அவர் கிட்டாரைத் திறந்துவிட்டான். தகரக் கூரையில் பூனை பிராண்டுகிற மாதிரி ஒரு சத்தம். அது தன்னுடையது என்று புரிந்ததும் அவர் நிறுத்தினார். பிறகு நல்ல விரல் இரண்டை மட்டும் வைத்து, மெதுவாக, இடைவெளி விட்டு விட்டு ஐந்தே நோட் வாசித்தார். அந்த சோலோவை ஆயிரம் தடவை வாசித்தவன் சொல்கிறேன், அதற்குள் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. மண்டபம் எழுந்து நின்றது.

சாமான்களைக் கட்டும்போது வந்து, என் வயரைத் தானே சுருட்டிக் கொடுத்தார். வயர் கழன்றுவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இருவரும் அதோடு விட்டுவிட்டோம். காரில் டோல் சாவடியைத் தாண்டினோம். மனைவியிடம் கேட்டேன், நீயும் எழுந்து நின்றாயே, ஏன் என்று. "எல்லாரும் எழுந்து அழுவுறாங்க, நான் மட்டும் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

இப்போது எல்லா மேடையிலும் அந்த ஐந்து நோட்டை ஜெரி அண்ணனே வாசிக்கிறார், கூட்டமும் தவறாமல் எழுந்து நிற்கிறது, இருட்டில் வாசிக்கும் அரை நிமிட வேலை எனக்கு மிச்சம்.