இடுக்கியின் நீளம்

எங்கள் வீட்டில் பால் பாத்திரம் இறக்கும் இரும்பு இடுக்கி, மதுரை சிம்மக்கல்லில் மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, விதிப்படி கடலுக்குப் போய், விதிப்படி கழிவுப் பொருளாகித் திரும்பியது. ஏலத்தில் அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். ஓய்வுக்கு முன் தீவு ஆய்வு நிலையமொன்றில் நிர்வாக அலுவலராக இருந்தேன். நீச்சல் தெரியாதவனைத் தீவுக்கு மாற்றவும் நடைமுறை உண்டு.

இடுக்கி வாங்கியது நிலையத்தின் ஆராய்ச்சியாளருக்காக; அலுவலக வழக்கில் ‘அம்மா’. மதுரை சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். வயதில் என்னைவிட மிக இளையவர். கடலடியில் முள் நட்சத்திர மீன்களை இடுக்கியால் பிடித்துக் கூடையில் போட்டு அகற்றுவது அவர் வேலை. தாம்பாள அகலம்; உடம்பெல்லாம் விரல் நீள விஷ முள். அது பவளத்தின் மேல் ஏறி, தன் இரைப்பையையே வெளியே தள்ளி, உயிர்ச் சதையைக் கரைத்துக் குடித்துவிட்டு அடுத்ததற்கு நகரும். பின்னால் வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு மிஞ்சும். கண்ணாடி பதித்த பெட்டி வழியே படகிலிருந்து பார்த்தேன். சத்தமில்லை, அவசரமில்லை. எங்கள் அலுவலகம் நினைவுக்கு வந்தது; சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் அவர் மேலே வந்தபோது கையுறையைத் துளைத்த முள் உள்ளேயே ஒடிந்திருந்தது. என் ஒரு கையில் மீன்கள் நிறைந்த கூடையின் கயிறு. மறு கையிலிருந்து அவர் நழுவிக்கொண்டிருந்தார். கயிற்றை விட்டேன். கூடை பவளத்தின் மேலேயே கவிழ்ந்தது.

விஷம் முறியப் படகோட்டி வெந்நீர் வைத்தார். வீங்கிய கையை அதில் வைத்து வாந்தியெடுத்தபடி அம்மா கேட்டார்:

“கூடை எங்க சார்?”

“விட்டுட்டேம்மா.”

“அம்புட்டுமா? என்னைய விட்டிருக்கலாம் சார். நானாச்சும் மெதப்பேன்.”

வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றுவரை கேட்கவில்லை. கை ஆறுவதற்குள் மழைக்காலம் வந்தது. அது முடிந்து பார்த்தபோது அந்தப் பவளத்திட்டு முழுதும் வெள்ளை.

போன வாரம் தொலைபேசியில் அழைத்தார்.

“பக்கத்துத் திட்டுக்கும் வந்துருச்சு சார். நான் மறுபடி போறேன். இப்ப ஊசி போட்டுத்தான் கொல்லுறோம். ஆனா பொந்துல ஒளியுறத இழுக்க அந்த இடுக்கிதான் வாகு.”

“கழிச்ச பொருளைத் திரும்பக் குடுக்க விதியில்லம்மா.”

“அப்ப விதியோட நீங்களும் வாங்க.”

சிரித்தார். அவருடைய இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை.

இன்று சிம்மக்கல் வெல்டிங் பட்டறையில் இடுக்கியோடு நிற்கிறேன், கைப்பிடியை நீட்ட.

“எம்புட்டு நீளம்ணே?” என்றார் பட்டறைக்காரர்.

அந்த முள்ளுக்கும் அம்மாவின் கைக்கும் இடையே எவ்வளவு தூரம் போதும்? நான் படித்த எந்த விதியிலும் அந்த அளவு இல்லை. இரு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

“இம்புட்டு இருந்தா பிடிக்க வராதுண்ணே.”

இன்னும் விரித்தேன்.