மூன்றாம் சாலுரானில் ஒரு தங்கச்சி

எங்கள் ஊர் பாலோவின் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, விரல் மை காய்வதற்குள் எழுதுகிறேன். சரசு முகநூலில் இல்லை என்ற தைரியம்தான்.

எங்கள் நாடாளுமன்றத் தொகுதியில் இந்த முறையும் கடும் இழுபறி. போன முறை என் கட்சி எத்தனை ஓட்டில் தோற்றதோ, அத்தனை பேரையும் ஒரே பேருந்தில் ஏற்றிவிடலாம்.

பக்கத்து வீட்டுச் சரசு எதிரணி. அவர் வீட்டு வேலியில் அவர்கள் கொடி. ஆனால் பதினைந்து வருடமாக என்னை வாய் நிறைய "அக்கா" என்பார். இன்று ஒன்றாகத்தான் போனோம். பேசிக்கொண்டே என் பின்னால் மூன்றாம் சாலுரான் வரிசையில் நின்றுவிட்டார்.

இங்கே ஓட்டு வரிசையை வயதுப்படிதானே பிரிப்பார்கள்? ஒன்றாம் சாலுரானில் மூத்தவர்கள். எண் கூடக் கூட வயது குறையும்.

வாசலில் இருந்த மலாய்க்காரப் பெண் சரசுவின் ஐசி அடையாள அட்டையைப் பார்த்தார். "மக்சிக், சாலுரான் டுவா!" என்று, பெரியம்மாவைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, சத்தமாக இரண்டாம் வரிசையைக் காட்டினார்.

சரசுவின் முகம் போன போக்கு!

"அலமாக், தலைய சுத்துதுக்கா. ஓட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் வீட்டுக்குப் போறேன்."

போகட்டுமே, எதிரணிக்கு ஒரு ஓட்டு குறையும் என்று ஒரு நொடி தோன்றியது. உண்மை.

ஆனால் பதினைந்து வருடம் அக்காவாக இருந்து பழகிவிட்டதே.

"அந்த வரிசையில ஆள் கம்மி லா, அதான் அனுப்புறாங்க. சட்டுனு போட்டுட்டு வா, தங்கச்சி."

"அப்படியாக்கா?" என்று சிரித்துக்கொண்டே ஓடினார்.

இன்று என் கட்சி ஒரே ஓட்டில் தோற்றால், அந்த ஓட்டை அனுப்பிவைத்தது நான்தான். திட்ட நினைப்பவர்கள் கீழே வரலாம். வயதுப்படி வரிசையில் நிற்கவும்.