நாலு விரல் தள்ளி ஒரு கோடு

'சும்மா இருங்க, இந்தா வந்துருதேன்' என்று சொல்லிவிட்டு ஒருவர் வெளியே போகிறார். உங்களால் சும்மா இருக்க முடியுமா?

என்னால் முடியாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றிப் பார்த்து ரிப்பேராக்கியவன் நான். 'நீங்க கை வைக்காம இருந்தாலே இந்த வீட்ல பாதிச் சாமான் நல்லா இருக்கும்' என்பது என் மனைவியின் கருத்து. அவருடைய எத்தனையோ கருத்துகளை இந்தப் பத்தியில் எழுதியிருக்கிறேன். இதை மட்டும் இதுவரை எழுதியதில்லை. ஏன் என்று கடைசியில் புரியும்.

பேட்டையில் இசக்கிமுத்து என்றொருவர் மரப் பட்டறை வைத்திருக்கிறார். நாற்பது வயதிருக்கும். என் புத்தக அலமாரிக்காகத்தான் அங்கே போக ஆரம்பித்தேன். அலமாரி வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிவிட்டது. நான் போவது நிற்கவில்லை. எனக்கென்று ஒரு ஸ்டூல், எனக்கென்று ஒரு டீ டம்ளர்... மரத்தூள் வாசனை ஒரு மாதிரி பழகிவிட்டது. இசக்கியும் 'ஏன் வந்திய?' என்று கேட்பதில்லை. 'வாங்க அண்ணாச்சி' என்பதோடு சரி.

அந்தப் பட்டறையில்தான் ஜெபமணி டீச்சரைச் சந்தித்தேன். பார்வை இல்லாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் பிரெயில் சொல்லிக் கொடுக்கிறார். அவருக்கும் பார்வை இல்லை. என் பெயரைக் கேட்டதும், "அட, அந்தப் பத்தி எழுதுத சாரா?" என்றார். வாராவாரம் கேட்பாராம். ஆமாம், கேட்பது. போன் வாசித்துக் காட்டுகிறது.

எனக்கு முதுகெலும்பு நிமிர்ந்துவிட்டது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன். ஆட்டோக்காரர் தப்பு பண்ணுவாரு, பேங்க்காரர் தப்பு பண்ணுவாரு, பக்கத்து வீட்டுக்காரர் தப்பு பண்ணுவாரு. நீங்க மட்டும் ஒரு தப்பும் பண்ண மாட்டிய. கடைசி வரியில வந்து சிரிச்சிட்டுப் போயிருவிய."

நான் சிரித்தேன். வேறென்ன செய்ய?

டீச்சர் வந்தது டெஸ்க் விஷயமாக. பள்ளிக்கு முதலில் பன்னிரண்டு டெஸ்க். அவை நன்றாக அமைந்தால் மற்ற வகுப்புகளுக்கும். பள்ளிக் கமிட்டியில் பலரும் ரெடிமேட் டெஸ்க் வாங்கிவிடலாம் என்றிருக்கிறார்கள். டீச்சர் ஒற்றை ஆளாக நின்று சண்டை போட்டிருக்கிறார். என்ன சொல்லித் தெரியுமா? 'இசக்கி செஞ்சு குடுத்தா நான் தடவிப் பாக்க வேண்டியதில்ல.'

எதையும் தடவிப் பார்த்தே வாங்கும் ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்றால் அது சும்மா இல்லை. இசக்கி இதை என்னிடம் நாலு தடவை சொல்லியிருக்கிறார். நாலு தடவையும் முதல் தடவை மாதிரியே சொன்னார்.

சரி, கதைக்கு வருவோம்.

டெஸ்க்கின் மேல்பலகைகள் வேப்பமரம். அறுத்து, ஒட்டி, வரிசையாக அடுக்கியாயிற்று. அடுத்து அவற்றை டிரம் சாண்டரில் விட வேண்டும். பெரிய சப்பாத்திக் கட்டை ஒன்று மெஷினுக்குள் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி உப்புத்தாள். டிரம் என்கிற அந்தக் கட்டை வேகமாகச் சுற்றும், பலகை அதன் அடியில் மெல்ல நகர்ந்து போகும், வழவழவென்று மறுபக்கம் வெளியே வரும்.

உப்புத்தாள் தேய்ந்தால் மாற்ற வேண்டும். அங்கேதான் சூட்சுமம். தாள் நீளமான ரோலாக வரும். அதைப் பட்டையாக வெட்டி, அடிபட்ட கைக்குக் கட்டுப் போடுவது போலச் சாய்வாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். சுற்றுக்குச் சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. இரண்டு நுனியையும் சாய்வாக வெட்டினால்தான் டிரம்மின் ஓரத்தோடு ஓரம் நிற்கும். நுனிகளைப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கிளிப் உண்டு.

ஒவ்வொரு தடவையும் இதற்கு யார் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது? சரியாக அமைந்த ஒரு பழைய பட்டையை இசக்கி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். அதுதான் அளவுப் பட்டை. புதுத்தாளின் மேல் அதை விரித்து, கோடு போட்டு, பின்பக்கமிருந்து கத்தியால் கீறிவிடுவார். இரண்டு நிமிட வேலை. ஸ்டூலில் உட்கார்ந்து நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை காலை. பழைய தாளைக் கழற்றி, டிரம்மைத் துடைத்து, புது ரோலின் கடைசித் துண்டை மேஜைமேல் எடுத்து வைத்தார் இசக்கி. அப்போது பக்கத்துப் பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள். ஏதோ கனமான மெஷினை நகர்த்த ஒரு கை வேண்டுமாம்.

"சும்மா இருங்க அண்ணாச்சி, இந்தா வந்துருதேன்."

போய்விட்டார். நானும் சும்மாதான் இருந்தேன்... ஒரு மூன்று நிமிடம்.

பிறகு எழுந்து அளவுப் பட்டையை எடுத்தேன். வந்து பார்த்து அசந்து போகட்டுமே என்ற எண்ணம். புதுத்தாளை முதுகு மேலே தெரியும்படி விரித்தேன். அதன்மேல் அளவுப் பட்டையை வைத்தேன். கோடு போட்டேன். வெட்டினேன். கத்தி வெண்ணெயில் போவது போலப் போயிற்று. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் அதிசயப்பட்டோம் என்றுகூடத் தோன்றியது.

டிரம்மில் சுற்றிப் பார்த்தேன். நுனி டிரம்மின் ஓரத்தோடு நிற்காமல் எதிர்ப்பக்கமாக முறைத்துக்கொண்டு நின்றது.

என்ன நடந்தது? அளவுப் பட்டையும் புதுத்தாளும் ஒரே பக்கம் பார்த்துக் கிடக்க வேண்டும். இரண்டுக்கும் சொரசொரப்பு கீழே, முதுகு மேலே. நான் அளவுப் பட்டையைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி வைத்துவிட்டேன். சாய்வு தலைகீழாகிவிட்டது. வலது கால் செருப்பை அளவாக வைத்து இடது கால் செருப்பு தைத்த கதை.

அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? ஸ்டூலில் போய் உட்கார்ந்து, இசக்கி வந்ததும் 'கெடுத்துட்டேன் வே' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நான் அதைச் செய்யவில்லை. நுனிகளைச் சரியான சாய்வில் மறுபடி வெட்டினேன். சாய்வு சரியாகிவிட்டது, நீளம் நாலு விரல் குறைந்துவிட்டது. நுனி கிளிப்புக்கு எட்டவில்லை. ரோலில் மிச்சமும் இல்லை. வெட்டிப்போட்ட துண்டில் ஒன்றை எடுத்து, பிரவுன் டேப்பை இரண்டு மடிப்பாக அடியில் கொடுத்து ஒட்டினேன். சுற்றினேன், கிளிப்பை மாட்டினேன். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

இசக்கி திரும்பி வந்தார். டிரம்மைப் பார்த்தார்.

"அண்ணாச்சி... நீங்களா சுத்துனிய?"

"ஆமா வே. எப்படி இருக்கு?"

கையால் டிரம்மை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றினார். ஓரத்துக்குப் பக்கத்தில் அவர் கட்டைவிரல் ஒரு கணம் நின்றது. நான் அதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"பெர்ஃபெக்ட்" என்றேன்.

அவர் பிளக்கைச் சொருகினார்.

பன்னிரண்டு பலகையும் ஓடின. ஒன்றொன்றாக வாங்கி அடுக்கியது நான்தான். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. கடவுள் காப்பாற்றினார் என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் டீச்சர் வந்தார், சின்னப் பிள்ளைகளுக்குக் கால் உயரத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல. பலகைகளைப் பார்க்க வரவில்லை. பேசிக்கொண்டே இருந்தவர், நின்ற வாக்கில் அடுக்கின் மேல் சும்மா கையை ஊன்றினார்.

பேச்சு நின்றது.

விரல்கள் பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போயின. திரும்பி வந்தன. மேல்பலகையை நகர்த்தச் சொன்னார். அடுத்தது, அதற்கடுத்தது... நாலாவது பலகையில் நிறுத்திக்கொண்டார்.

"இசக்கி, ஓரத்துல இருந்து நாலு விரல் தள்ளி ஒரு கோடு ஓடுது. எல்லாத்துலயும் ஒரே இடத்துல."

இசக்கி குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். சத்தியமாக ஒன்றும் தெரியவில்லை. அவர் விரலை வைத்தார், முகம் மாறியது. நான் விரலை வைக்கவில்லை. வைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லையே.

"மயிரிழைதான்ப்பா, இல்லங்கல" என்றார் டீச்சர். "ஆனா பிள்ளைக பிரெயில் தாள வச்சு வாசிக்கும்போது, வாசிக்கத விட்டுட்டு இந்தக் கோட்டத்தான் தடவிக்கிட்டு உக்காந்திருக்கும். நான் அந்த வயசுல அதத்தான் செஞ்சிருப்பேன்."

இசக்கி மெஷினின் மூடியைத் திறந்தார். கிளிப்பைத் தளர்த்தி, நுனியைத் தூக்கிப் பார்த்தார். பிரவுன் டேப் பல்லை இளித்தது. டேப் நின்ற இடம் மேடாகி, அடியில் போன பலகையில் எல்லாம் பள்ளம் பறித்திருக்கிறது.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயைத் திறந்தேன். உண்மையிலேயே திறந்தேன்.

"எந் தப்புதான் டீச்சர்" என்றார் இசக்கி. "தாள் சரியா உக்காரல. கவனிக்காம விட்டுட்டேன். திங்கக்கிழமைக்குள்ள பூராத்தையும் மறுபடி விட்டுத் தந்துருதேன்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் ஒவ்வொரு நொடியும் அதைத் திறப்பது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. உங்களுக்கு இப்படி ஆனதுண்டா?

டீச்சர் பலகையிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சரிப்பா. கோவம் ஒண்ணும் இல்ல. இனிமே நான் தடவிப் பாத்துட்டு எடுத்துக்கிடுதேன்."

அவ்வளவுதான் சொன்னார். கம்பை ஊன்றி ஆட்டோவுக்குப் போய்விட்டார். இசக்கி கையில் அந்தத் தாள் நுனியைப் பிடித்தபடியே நின்றார். அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. டீச்சர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு அது எவ்வளவோ தேவலை.

"ஏன் வே அப்படிச் சொன்னீரு? நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே?" எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது, பாருங்கள்.

"எந் தப்புதானே அண்ணாச்சி? சுத்திப் பாத்தப்பவே பெருவிரல்ல தட்டுச்சு. அவுத்துப் பாக்கணும்னு தோணத்தான் செஞ்சுது. பெரியவரு, ஆசையா செஞ்சிருக்காரு, முன்னால வச்சு அவுத்தா சங்கடப்படுவாருன்னு விட்டுட்டேன். அப்பம் அது எந் தப்பா, ஒங்க தப்பா?"

டீச்சரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாம். வந்தவங்க போனவங்களையெல்லாம் மெஷின்ல கை வைக்க விடுதான்னு ஆயிரும். அது இதவிட மோசம். டீச்சர்ட்ட போய்ச் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

சொன்னேன்.

அன்று மத்தியானமே டவுனுக்குப் போய்ப் புது ரோல் வாங்கி வந்தார். அளவுப் பட்டையை விரித்தார். இரண்டுக்கும் முதுகு மேலே. நுனியை மட்டும் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையைத் திறந்து பன்னிரண்டு பலகையையும் மறுபடி விட்டார். ஒவ்வொன்று வெளியே வரும்போதும் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். கோடு போய்விட்டது. டீச்சர் சொன்ன அந்த ஒரு வரி மட்டும் போகவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். நம் பக்கத்தில் மரியாதை என்றால் என்ன? பெரியவர் செய்ததைச் சரிபார்க்காமல் இருப்பது. அப்பா எழுதிய பத்திரத்தை மகன் வாசித்துப் பார்க்க மாட்டான். மாமா பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள். சரிபார்த்தால் அவமானம். அந்த மரியாதையை வாங்கிக்கொள்கிற நாம் அதற்கு என்ன செய்கிறோம்? 'பெர்ஃபெக்ட்' என்கிறோம். அடியில் டேப் இருப்பது நமக்கு மட்டும் தெரியும்.

டீச்சர் இசக்கியின் மேல் வைத்திருந்ததும் நம்பிக்கைதான், இசக்கி என்மேல் வைத்ததும் நம்பிக்கைதான். ஒன்றை அவர் பல வருடம் பாடுபட்டுச் சம்பாதித்தார். இன்னொன்றை நான் நரைத்த தலையைக் காட்டி வாங்கினேன். இரண்டில் எது போயிற்று என்று பாருங்கள். அவருடையது. அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டீச்சரிடம் போய்ச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். போகவில்லை. ஆனால் பத்தியில் எழுதக் கூடாது என்று இசக்கியும் கேட்கவில்லை, எழுத மாட்டேன் என்று நானும் சொல்லவில்லை.

டீச்சர், இந்த வாரமும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இசக்கி யாரையும் மெஷினில் கை வைக்க விடவில்லை. சும்மா இருக்கத்தான் சொன்னார். அவர் இல்லாத நேரத்தில் வெட்டியது நான், ஒட்டியது நான், பெர்ஃபெக்ட் என்று சொன்னது நான், நீங்கள் கோட்டைக் கண்டுபிடித்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான்.

இசக்கியின் பலகைகளை நீங்கள் பழையபடியே எடுத்துக்கொள்ளலாம். இனிமேல் தடவிப் பார்த்து எடுக்க வேண்டியது என் பத்தியைத்தான்.